'ஆணை நாள் முதல்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் உங்கள் சேலம் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்து பிளஸ் டூ தேறிய ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸோடு வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் ஒரு பிரமுகர் தன் சால்வையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். கீழே ஒவ்வொருவரும் எத்தனை மார்க் என்று இருந்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வந்தபின், ஜூன் மாதம் இந்த ஐந்து பேரும் எங்கே படுப்பார்கள் என்று எனக்கு அன்று முழுக்க யோசனையாகவே இருந்தது. அந்த யோசனை வரக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். மனு என்றால் அரைப் பக்கத்தில் முடிக்கிற ஆள் நான். ஆசிரியருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். 1993-ல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அரசு வேலை வரும்வரை என்று ஒரு மடக்கு மேசையும் பழைய மெஷினுமாக வந்து உட்கார்ந்தேன். அரசு வேலை வரவில்லை. மெஷினும் போய்விட்டது, ரிப்பன் கிடைப்பதில்லை; இப்போது கையெழுத்துதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். ஏழரை மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். கேட்டில் போலீஸார் ஒவ்வொரு பையாகத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, வழிப்பாதை, மகன் சோறு போடவில்லை. எல்லாவற்றுக்கும் ஐம்பது ரூபாய். இல்லாதவர்களிடம் வாங்குவதில்லை. இருந்துகொண்டே இல்லை என்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், அதற்கும் முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் திங்கட்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது, ஒரு பையன் வந்து நின்றான். கையில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர். அதற்குள் பள்ளி மாற்றுச் சான்று, மார்க் ஷீட், ஆதார், இல்லத்திலிருந்து கொடுத்த ஒரு கடிதம். எல்லாம் லேமினேஷன் செய்து வைத்திருந்தான். மாற்றுச் சான்றை லேமினேஷன் பண்ணக் கூடாதுடா என்றேன். "நனையாம இருக்கணும்னுங்க சார்" என்றான்.

மனுவில் முதலில் பெயர், தந்தை பெயர், முகவரி. தந்தை பெயர் வந்ததும் நிறுத்துவான் என்று நினைத்தேன். தடுமாறவே இல்லை, இல்லத்தில் பதிந்திருந்த பெயரைக் கடகடவென்று சொன்னான். முகவரிக்குத்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் காத்திருக்க வேண்டியதாயிற்று. இல்லம் வேறு மாவட்டத்தில். வேலை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில். படுப்பது எங்கே என்றால் பட்டறை வாசல் திண்ணையில். உள்ளே வெள்ளி கிடக்கிற இடம், ராத்திரி யாரையும் படுக்கவிட மாட்டார்கள். பட்டறைக்காரர் நல்ல மனுஷன்தான், திண்ணைக்கு ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் திண்ணைக்குக் கதவு எண் போட முடியாதே. கடைசியில் 'மேற்பார்வை' என்று போட்டுப் பட்டறைக்காரர் விலாசத்தை எழுதினேன்.

அவனுக்கு அந்த ஜூன் 5-ம் தேதி 18 முடிந்திருந்தது. இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்கும் பிறந்தநாள் ஜூன் மாதம்தான். பள்ளியில் சேர்க்கும்போது வயதை உத்தேசமாகக் கணக்குப் பண்ணிப் போட்ட தேதி. பிளஸ் டூ முடிந்தது, 18-ம் முடிந்தது, பெட்டியோடு வெளியே வந்தான். பெட்டியில் இரண்டு செட் துணி, ஒரு போர்வை, சான்றிதழ்கள். வார்டன் தன் கையிலிருந்து 500 ரூபாய் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்புக்கு இடமும் கிடைத்து ஆகஸ்டில் சேர்ந்திருக்கிறான். அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது வருவதற்குள் சாப்பாட்டுக்குக் காசு தீர்ந்தது. அக்டோபரில் நின்றுவிட்டான்.

"யாரோ சொன்னாங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மாசம் நாலாயிரம் குடுக்கறாங்களாமே, அதுக்கு ஒரு மனு எழுதணுங்க."

யாரோ சொன்னது சரிதான். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பிரிவு 46 இருக்கிறது. குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயது முடிந்து வெளியேறுகிறவர் சமூகத்தோடு சேர்ந்து வாழ நிதி உதவி வழங்கலாம் என்கிறது. 18 முதல் 21 வரை இந்த உதவி. விதிகளின்படி விசேஷ காரணம் இருந்தால் 23 வரை நீட்டலாம். இதற்குப் பிற்காப்பு என்று பெயர். பணம் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வருகிறது, மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. 2022-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைப்படி ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய். அதற்கு முன்னால் 2,000.

மேலே 'வழங்கலாம்' என்று எழுதினேன் பாருங்கள், அதைக் கைதவறி எழுதவில்லை. ஆங்கில மூலத்தில் 'ஷல்' கிடையாது, 'மே' என்றுதான் இருக்கிறது. முப்பது வருஷமாக அரசாங்கக் காகிதங்களோடு புழங்கியவனுக்கு இந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும். 'வழங்க வேண்டும்' என்று இருந்தால், வழங்காதவர் ஏன் வழங்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். 'வழங்கலாம்' என்று இருந்தால் பதில் சொல்ல வேண்டியது மனுதாரர். உனக்கு ஏன் வழங்க வேண்டும் என்று அவன் நிரூபிக்கவேண்டும். திண்ணையில் படுத்துக்கொண்டு நிரூபிக்கவேண்டும்.

நிரூபிக்கிற வேலை எப்படி நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை, நாளைக்கும் நான் அதே வாசல்களில்தான் நிற்கவேண்டும். அவன் ஆதாரில் முகவரி, இல்லத்து முகவரி. ஆதாரோடு இணைத்திருந்த செல்போன் எண், முன்னால் இருந்த வார்டனுடையது. அவர் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். எதற்கு விண்ணப்பித்தாலும் ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவரைப் பிடித்தால், பாவம், "எந்தப் பையன்ப்பா? என் நம்பர்ல நாப்பது பேரு இருக்காங்க" என்கிறார். வங்கிக் கணக்கு இருந்தது, ஆனால் அது மைனர் கணக்கு. 18 முடிந்ததும் புதிதாகக் கையெழுத்து, புதிதாக முகவரிச் சான்று கொடுத்தால்தான் பணம் எடுக்க முடியும். முகவரிச் சான்றுக்கு ஆதார். ஆதாரைத் திருத்த முகவரிச் சான்று. வாடகை ஒப்பந்தம் இருந்தால் வேலை நடக்கும் என்றார்கள். வாடகைக்கு வீடு பிடிக்க அட்வான்ஸ் வேண்டும். அட்வான்ஸுக்குத்தான் ஐயா மனுவே!

இதற்கு நடுவில் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு இழுபறி. பையன் இருப்பது சேலத்தில் என்று அவர்கள், வளர்ந்தது அங்கே என்று இவர்கள். மனு எழுதுகிறவனாக எனக்கு ஒரு வருத்தம்: நான் எழுதியதிலேயே தெளிவான மனுக்கள் அவனுக்கு எழுதியவைதான். மொத்தம் ஏழு. ஆறாவது மனுவுக்கு வந்த பதிலில் அவன் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள்.

ஜாதிச் சான்றிதழ் சிக்கல் மட்டும் எனக்குத் தெரிந்ததால் சீக்கிரம் முடிந்தது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க ஆளில்லாமல், அரசு இல்லத்திலோ அங்கீகாரம் பெற்ற இல்லத்திலோ சேர்ந்த பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். இது பல தாலுகா ஆபீஸ் கவுன்டர்களில் ஞாபகம் இருப்பதில்லை. இந்த இடத்தை உங்கள் வாசகர்கள் யாராவது கத்தரித்து வைத்துக்கொண்டால் நல்லது.

மே மாதம் ஆணை வந்தது. மாதம் 4,000. கை நடுங்க வாங்கிப் படித்தேன், எனக்கே வந்த மாதிரி. கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்தது: 'ஆணை நாள் முதல்'.

இந்த மூன்று சொற்களுக்காகத்தான் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கிறேன். பையனுக்கு 21 முடிகிற தேதி மாறாது. அது ஜூன் 5-ல் ஆரம்பித்து ஓடிக்கொண்டே இருக்கிறது, அவன் திண்ணையில் படுத்திருந்த நாளெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பணம் மட்டும் மே மாதத்திலிருந்து. 36 மாதம் கிடைக்க வேண்டிய இடத்தில் 25 மாதம். பதினொரு மாதம் போனது, 44,000 ரூபாய். இதை அவனிடம் விளக்கிச் சொன்னபோது கொஞ்சநேரம் தரையைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டான்: "சார், அந்த ஜூன் அஞ்சு சும்மா போட்ட தேதிதானுங்களே. நெசமா நான் பொறந்தது ஐப்பசி கார்த்திகைன்னு தெரிஞ்சா, ஒரு அஞ்சாறு மாசம் திரும்பக் கிடைக்குங்களா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பதினொரு மாதத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் 44,000 ரூபாய் போனது மட்டும் நஷ்டமில்லை. தைப்பொங்கல் முடிந்து பனி அதிகமானதும் திண்ணையில் படுக்க முடியாமல், அன்னதானப்பட்டியில் ஒரு ஷீட் போட்ட அறை பார்த்தான். வாடகை 2,800, அட்வான்ஸ் 20,000. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, "நீங்க பையனுக்கு என்ன ஒறவுங்க?" என்று கேட்டார். மனு எழுதிக் கொடுத்தவன் என்றேன். அந்த அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நான் கையெழுத்துப் போட்டேன். 8,000 ரூபாயும் கொடுத்தேன், அதை என் வீட்டில் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை நீங்கள் பிரசுரித்தால் தெரிந்துவிடும். மிச்சம் 12,000 பட்டறைக்காரர் கொடுத்தார். முன்பணமாக.

சேலத்தில் தறிக்காரர்களுக்கும் கொலுசுக்காரர்களுக்கும் முன்பணம் என்றால் என்ன என்று விளக்கவேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக: வேலைக்குச் சேரும்போது முதலாளி கொடுக்கும் தொகை அது. வாரக்கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார். கழிந்துமுடிவதற்குள் ஒரு காய்ச்சல், ஒரு பண்டிகை வந்து இன்னும் கொஞ்சம் வாங்கவேண்டிவரும். கடனைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போகமுடியாது; போனால் புதிய முதலாளி பழைய கடனை அடைத்துவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவார். தலைமுறை தலைமுறையாக அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் இப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும், என் தாய்மாமன் உட்பட. பட்டறைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கொடுக்காவிட்டால் பையன் பனியில் கிடந்திருப்பான். ஆனால் அடுத்த ஆகஸ்டில் ஐ.டி.ஐ.யில் திரும்பச் சேரலாம் என்று நான் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனபோது, "முன்பணம் நிக்குதுங்க சார்" என்று அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மாதம் 4,000 அப்போது வர ஆரம்பித்துவிட்டது. வந்து என்ன? அந்த 20,000 முதல் நாளே அரசாங்கம் கொடுத்திருந்தால் அவன் இன்று பிட்டர்.

குடிபோன முதல் வாரத்தில் இன்னொன்று. ராத்திரி வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டி, "லைட்ட எத்தன மணிக்கு அணைக்கணுங்க?" என்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வருஷம் மணி அடித்து எழுந்து மணி அடித்துப் படுத்த பிள்ளை. சமைக்கத் தெரியும், இல்லத்துச் சமையல்கட்டில் கைவேலை செய்தவன்தான். ஆனால் அறுபது பேருக்கு வைக்கிற சாம்பார்தான் தெரியும். ஒருத்தனுக்கு எவ்வளவு பருப்பு என்று தெரியாமல் அரைக்கிலோவை மொத்தமாகப் போட்டு, மூன்று நாள் அதையே சுடவைத்துச் சாப்பிட்டான். வீட்டுக்காரம்மாதான் ஆழாக்கு ஒன்று கொடுத்துப் பழக்கிவிட்டார். இந்த மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று திட்டத்தில் எழுதத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் எனக்குப் புரிகிற விஷயம்.

இன்னொரு மனு. ஏற்காட்டு மலையிலிருந்து ஒரு பெண். முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வாந்தி எடுத்த முகத்தோடு வந்திருந்தாள். அப்பா அம்மா காபித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், இரண்டு பேரும் இல்லை. சமவெளியில் ஒரு இல்லத்தில் வளர்ந்தவள். 18 முடிய ஐந்து மாதம் இருக்கும்போது, அத்தை இருக்கிறாரே என்று அத்தையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். குழந்தை குடும்பத்தோடு சேர்வது நல்லதுதான், சட்டமும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. ஆனால் அத்தை இருப்பது தோட்டத்து லைன் வீடு. ஒரே அறை, ஆறு பேர். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் அந்த இடமும். மிளகு பறிக்கிற நாளில் ஏணி ஏறினால் கூலி, இல்லாத நாளில் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நர்ஸிங் உதவியாளர் படிப்புக்குப் போக ஆசை. மனு கொடுத்தோம். பதில் வந்தது: மனுதாரர் 18 வயது பூர்த்தியாகுமுன்பே உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை. பிரிவின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் எழுதியது தப்பென்றும் சொல்லமுடியாது. 18 முடிந்து 'இல்லத்திலிருந்து' வெளியேறுகிறவருக்குத்தானே உதவி. ஐந்து மாதம் முன்னால் வெளியேறியதால் அவள் அந்த வாசகத்துக்குள் வரவில்லை.

அந்த வாசகத்துக்குள் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு என்று அதே சட்டத்தில் இருக்கிறது, குழந்தையை இல்லத்தில் விடாமல் ஒரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பது, தத்து அல்ல. இதற்கும் மாதம் 4,000 ரூபாய்தான். இல்லத்தைவிட வீடு நல்லது என்று அரசாங்கம் இப்போது இதை ஊக்கப்படுத்துகிறது. சரி, அப்படி வளர்ந்த பிள்ளைக்கு 18 ஆகிறது, வளர்த்தவருக்கு வந்துகொண்டிருந்த பணம் நிற்கிறது, அவர்கள் கையை விரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 46-ல் அந்தப் பிள்ளைக்கு 'வழங்கலாம்' கூட இல்லை.

பணம் இல்லை, நடைமுறை சிக்கல், அரசாங்கம் என்ன செய்யும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2021-ல் கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு நான் மனு எழுதியிருக்கிறேன். மாநில அரசு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டது, 18 முடிந்ததும் வட்டியோடு கைக்கு. மத்திய அரசு பிரதமர் நிதியிலிருந்து 10 லட்சம் ஒதுக்கியது. 18-லிருந்து 23 வரை மாதாமாதம் உதவித்தொகை, 23-ல் முழுத் தொகை. அந்த வேலை எவ்வளவு சுறுசுறுப்பாக நடந்தது என்று கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்து வைத்திருந்தார்கள். அதிகாரிகள் வீட்டைத் தேடிப் போனார்கள், பலருக்கு மனுவே தேவைப்படவில்லை, எனக்கு ஐம்பது ரூபாய் நஷ்டம். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் ஒரு பைசா அதிகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே இல்லத்தில் அடுத்தடுத்த பாயில் படுக்கிற இரண்டு பிள்ளைகளில், அம்மா கொரோனாவில் போனவனுக்கு டெபாசிட் ரசீது இருக்கிறது. அம்மா காசநோயில் போனவனுக்கு ஒரு 'லாம்' இருக்கிறது. இதை அந்த இரண்டாவது பையனுக்கு யார் உட்கார்ந்து விளக்குவது?

சின்னக் குழந்தைகளுக்கு இப்போது இந்த மாநிலத்தில் நிறையவே செய்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 வருகிறது, 2025 செப்டம்பரிலிருந்து. 1920-லேயே நாட்டில் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான் என்று ஒரு வக்கீல் சொல்லி, பிறகு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நூறு வருஷமாகக் குழந்தையைப் பற்றி யோசித்த ஊர், அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது ஒரு நாள் ஆனதும் ஏன் யோசிப்பதை நிறுத்துகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. என் மகளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம். இன்னும் மாசம் பிறந்தால் அரிசி மூட்டை என் வீட்டிலிருந்துதான் போகிறது.

என் மகள்தான் கைபேசியில் ஒன்று படித்துக் காட்டினாள். வேல்ஸ் என்கிற நாட்டில், அரசாங்கப் பராமரிப்பில் வளர்ந்து 2022 ஜூலைக்கும் 2023 ஜூனுக்கும் நடுவில் 18 முடித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,600 பவுண்டு என்று இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தொகையை இங்கே கேட்க நான் பைத்தியக்காரன் இல்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு: பிறந்தநாள் முடிந்த அடுத்த மாதத்திலிருந்து பணம். யாரும் அங்கே 'ஆணை நாள் முதல்' என்று எழுதவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரிய சட்டத்திருத்தம் ஒன்றும் வேண்டாம், 'லாம்' இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்ற டெல்லிக்குப் போகவேண்டும். ஆணையில் எழுதுகிற வாசகத்தை இங்கேயே மாற்றலாம். 'ஆணை நாள் முதல்' என்பதை 'மனுதாரர் 18 வயது பூர்த்தி செய்த நாள் முதல்' என்று எழுதினால் தாமதத்தின் செலவு பையன் தலையில் விழாது. பிள்ளைக்கு 17 ஆனபோதே, இல்லத்தில் இருக்கும்போதே, அவனுக்கென்று ஒரு சிம் வாங்கி ஆதாரில் அந்த எண்ணைச் சேர்க்கவேண்டும். இதற்கு ஆகிற செலவு என்ன, ஒரு தேநீர் விருந்துச் செலவு வருமா? மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றுகிற படிவத்தை பிளஸ் டூ ஹால் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தால்கூடப் போதும். அறை அட்வான்ஸுக்கு என்று ஒரு தொகை, 20,000-மோ 25,000-மோ, மாதப் பணத்திலிருந்து தனியாக, வெளியே போகிற அன்றே கையில். குடித்துவிடுவான், செலவழித்துவிடுவான் என்பார்கள். வீட்டுக்காரர் கணக்குக்கே நேராகப் போடுங்கள். நான்கு வருஷம் கழித்து வீட்டுக்காரர் திருப்பித் தரும்போது அரசாங்கத்துக்கே வந்தாலும் பரவாயில்லை.

இல்லத்துப் பிள்ளை என்றால் வீடு தரத் தயங்குகிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர். அன்னதானப்பட்டி அம்மாவுக்கு முன்னால் பதினோரு வீடு ஏறி இறங்கினோம். "அப்பா அம்மா யாரும் இல்லீங்களா, அப்பறம் யார நம்பிக் குடுக்கறது" என்று கேட்டவர்களில் இரண்டு பேர் எனக்குப் பல வருஷப் பழக்கம், அவர்களுக்குப் பட்டா மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். இந்த வரியைப் படித்தால் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது கொலுசில் பற்றவைக்கிற வேலை நன்றாக வருகிறது, கூலி கூடியிருக்கிறது. முன்பணம் இன்னும் 4,500 நிற்கிறது. எனக்குத் தரவேண்டிய 8,000-ஐ மாதம் 500 என்று எண்ணிக் கொடுக்கிறான். வேண்டாம் என்றால் கோபப்படுகிறான். ஐ.டி.ஐ. பேச்சை நான் எடுத்தால் அவன் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான்.

மலைப் பெண்ணுக்கு இரண்டாவது மனு போட்டிருக்கிறோம், 23 வயது வரை நீட்டலாம் என்கிற விதியைக் காட்டி. அது வேறு வகைப் பிள்ளைகளுக்கு என்று சொல்லித் திருப்பக்கூடும். திருப்பினால் மூன்றாவது எழுதுவேன்.

பையனுடைய எட்டாவது மனு போன மாதம் 19-ம் தேதி கொடுத்தது. பொருள்: பிற்காப்பு உதவித்தொகை – இழந்த பதினொரு மாதங்களை இறுதியில் நீட்டித்து வழங்கக் கோருதல். ரசீது என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை.

இப்படிக்கு,
மனு எழுத்தர் ஒருவர்,
குகை, சேலம்.

(பெயரும் விலாசமும் உங்கள் பார்வைக்காகத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம்.)